கட்சிகளுக்குக் கம்பெனிகள் கொடுக்கும் பணம்: பங்குதாரரான உங்களிடம் யாராவது கேட்டார்களா?

2024 மார்ச் 14 மாலை. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு பிடிஎஃப் கோப்புகள் ஏறின. ஒன்றில் தேர்தல் பத்திரம் வாங்கியவர்களின் பெயர்கள். இன்னொன்றில் அதைப் பணமாக்கிய கட்சிகளின் பெயர்கள். அன்று இரவு முழுக்க நாடே மொபைலில் அந்தப் பட்டியலை ஸ்க்ரோல் செய்துகொண்டிருந்தது.

பட்டியலில் முதலிடம் பிடித்தது டாடாவோ ரிலையன்ஸோ இல்லை. கோவையில் பதிவு செய்யப்பட்ட, லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃப்யூச்சர் கேமிங் நிறுவனம். ரூ.1,368 கோடி. இரண்டாவது இடத்தில் ஹைதராபாத்தின் மேகா இன்ஜினீயரிங், ரூ.966 கோடி. மூன்றாவது, பலர் அதுவரை பெயரே கேள்விப்பட்டிராத க்விக் சப்ளை செயின், ரூ.410 கோடி.

அந்த வாரம் மீம்ஸ் எல்லாம் ஓடி முடிந்தன. தேர்தலும் வந்து போனது. ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்று அப்படியே நிற்கிறது. ஒரு கம்பெனி ஒரு கட்சிக்குப் பணம் கொடுக்கலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? அதை யாரிடம் சொல்லியாக வேண்டும்? அரசின் கொள்கையைத் தனக்குச் சாதகமாகத் திருப்ப ஒரு கம்பெனி செய்யும் வேலைகளை நாம் எங்கே போய்ப் பார்ப்பது?

"இது அரசியல் மேட்டர், எனக்கெதுக்கு?" என்று நினைத்தால், ஒரு நிமிஷம்.

இதுல உங்க பணம் எங்கே இருக்கு?

மாதம் ரூ.2,000 எஸ்ஐபி போடுகிறீர்களா? இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நிஃப்டி 50 கம்பெனிகள் எல்லாவற்றிலும் உங்களுக்கு ஒரு துளி பங்கு இருக்கிறது. எஸ்ஐபியே இல்லை, பிஎஃப் மட்டும்தான் என்றாலும் இதே கதைதான். 2015 ஆகஸ்ட் முதல் இபிஎஃப்ஓ தன் பணத்தில் ஒரு பகுதியை நிஃப்டி, சென்செக்ஸ் சார்ந்த இடிஎஃப்களில் போட்டு வருகிறது.

இப்போது பத்திரம் வாங்கியவர்கள் பட்டியலைப் பாருங்கள். பாரதி ஏர்டெல், டாக்டர் ரெட்டிஸ், சிப்லா, அல்ட்ராடெக் சிமென்ட் என்று நிஃப்டியில் நாம் பார்த்துப் பழகிய பெயர்கள் அதில் இருக்கின்றன. இவர்கள் எதையும் சட்டத்தை மீறிச் செய்யவில்லை. அன்றைய சட்டம் அனுமதித்ததைத்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பணத்தில் உங்கள் பங்கும் இருந்தது. எந்தக் கட்சிக்குப் போனது என்று உங்களுக்குச் சொல்லப்படவில்லை. உங்களைக் கேட்கவும் இல்லை.

உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்கு உங்கள் பணம் போயிருக்கலாம். பிடித்த கட்சிக்கே போயிருந்தாலும், உங்கள் சார்பில் முடிவெடுக்கும் உரிமையை நீங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம்.

சட்டம் என்னதான் சொல்கிறது?

2013 கம்பெனிகள் சட்டத்தின் 182-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. அதன் சாரம் இவ்வளவுதான்:

- அரசு நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கக் கூடாது.
- தொடங்கி மூன்று நிதியாண்டு ஆகாத கம்பெனியும் கொடுக்கக் கூடாது.
- இயக்குநர் குழு கூட்டத்தில் தீர்மானம் போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.
- முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது.
- எவ்வளவு, எந்தக் கட்சிக்கு என்று லாப-நஷ்டக் கணக்கில் காட்ட வேண்டும்.

உதாரணமாக, ஒரு கம்பெனி மூன்று வருடங்களில் முறையே 80, 100, 120 கோடி லாபம் பார்த்திருந்தால், சராசரி 100 கோடி. அந்த ஆண்டு அதிகபட்சம் 7.5 கோடி கொடுக்கலாம். மூன்று வருடமும் நஷ்டம் என்றால் ஒரு பைசா கொடுக்க முடியாது.

மீறினால் கம்பெனிக்குக் கொடுத்த தொகையைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம். பொறுப்பான அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

நம்ம ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும் ஒரு விஷயமும் இதே பிரிவில் இருக்கிறது. கட்சி வெளியிடும் மலரில் விளம்பரம் கொடுத்தாலும் அது நன்கொடைக் கணக்கில்தான் வரும். மாநாட்டு மலரில் முழுப்பக்க வாழ்த்து போட்டுவிட்டு "அது மார்க்கெட்டிங் செலவு சார்" என்று தப்பிக்க முடியாது.

கவனியுங்கள், இந்தப் பட்டியலில் பங்குதாரர்களின் ஒப்புதல் என்ற ஒன்று எங்குமே இல்லை. இயக்குநர் குழு கூடி முடிவெடுத்தால் போதும்.

60 வருடமாக ஓடும் விவாதம்

இது புதுப் பிரச்னை இல்லை. 1957-ல் டாடா இரும்பு எஃகு நிறுவனம், கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வசதியாகத் தன் நிறுவன ஆவணத்தைத் திருத்த அனுமதி கேட்டது. விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா அன்றைய சட்டப்படி அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் பெரிய கம்பெனிகளின் பணம் கட்சிகளுக்குள் பாய்வது ஜனநாயகத்தையே மூழ்கடிக்கும் ஆபத்து என்று எச்சரித்தார். நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார்.

1960-ல் உச்சவரம்பும், கணக்கில் காட்ட வேண்டும் என்ற விதியும் வந்தன. 1969-ல் இந்திரா காந்தி அரசு கம்பெனி நன்கொடையை மொத்தமாகத் தடை செய்தது. பணம் நின்றதா? இல்லை, கறுப்புப் பணமாக மாறியது. 1985-ல் தடை நீக்கப்பட்டு, சராசரி லாபத்தில் 5 சதவீதம் என்ற வரம்போடு மீண்டும் அனுமதி வந்தது. 2013 சட்டம் அதை 7.5 சதவீதம் ஆக்கியது.

இந்த வரலாறு சொல்லும் பாடம் ஒன்று. முழுத் தடை போட்டால் பணம் மேசைக்கு அடியில் போகிறது. அதனால்தான் 'கொடு, ஆனால் அளவோடு கொடு, சொல்லிவிட்டுக் கொடு' என்ற நிலைக்கு வந்தோம்.

2017-ல் அந்த இரண்டு நிபந்தனைகளும் ஒரே நேரத்தில் தூக்கப்பட்டன.

2017-ல் நடந்தது என்ன?

அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி பட்ஜெட்டில் தேர்தல் பத்திரத்தை அறிவித்தார். 2018 ஜனவரியில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. எஸ்பிஐ வங்கியில் 1,000 ரூபாயில் தொடங்கி ஒரு கோடி ரூபாய் வரை பத்திரம் வாங்கலாம். கட்சியிடம் கொடுக்கலாம். கட்சி 15 நாளுக்குள் பணமாக்க வேண்டும். யார் கொடுத்தது என்று கட்சி சொல்ல வேண்டியதில்லை.

இதோடு சேர்த்து, கம்பெனிகள் சட்டத்திலிருந்து 7.5 சதவீத வரம்பும் நீக்கப்பட்டது. எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை, மொத்தத் தொகையைக் காட்டினால் போதும் என்றும் மாற்றினார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கோடிக்கணக்கில் கொடுக்கலாம் என்ற நிலை வந்தது. இதற்கெனவே லெட்டர்பேடு கம்பெனிகள் முளைக்கும் என்று தேர்தல் ஆணையம் 2017-லேயே ஆட்சேபம் தெரிவித்தது. ரிசர்வ் வங்கியும் பத்திரத் திட்டத்தில் உள்ள ஆபத்தைச் சொன்னது. இரண்டும் கண்டுகொள்ளப்படவில்லை.

ஏழு வருடம் கழித்து, 2024 பிப்ரவரி 15 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை இது மீறுகிறது என்றது. கம்பெனிகளுக்கு வரம்பில்லா நன்கொடையை அனுமதித்ததும் செல்லாது என்றது. தனிமனிதர் கொடுக்கும் நன்கொடையும் கம்பெனி கொடுப்பதும் ஒன்றல்ல, கம்பெனி கொடுப்பது பதிலுக்குப் பலனை எதிர்பார்த்துச் செய்யும் வியாபாரப் பரிவர்த்தனை என்பது நீதிமன்றத்தின் பார்வை.

பத்திர விவரங்களைக் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது எஸ்பிஐ. நீதிமன்றம் மறுத்தது. பிறகுதான் அந்த மார்ச் 14 மாலை வந்தது. அதிலும் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று இணைத்துப் பார்க்க உதவும் பத்திர எண்கள் இல்லை. நீதிமன்றம் மறுபடி கண்டித்த பிறகு, மார்ச் 21-ல்தான் அவை வெளியாயின.

பட்டியல் காட்டியது

2019 ஏப்ரல் முதல் 2024 ஜனவரி வரை கட்சிகள் பணமாக்கிய பத்திரங்களின் மதிப்பு ரூ.12,000 கோடிக்கும் மேல். அதில் கிட்டத்தட்ட பாதி, சுமார் ரூ.6,060 கோடி, பாஜகவுக்கு. திரிணமூல் காங்கிரஸுக்கு சுமார் ரூ.1,600 கோடி. காங்கிரஸுக்கு சுமார் ரூ.1,420 கோடி.

தமிழ்நாட்டுக் கட்சிகள்? திமுக தானே ஆணையத்திடம் சொன்ன கணக்குப்படி மொத்தம் ரூ.656.5 கோடி. அதில் ரூ.509 கோடி ஃப்யூச்சர் கேமிங் என்ற ஒரே நிறுவனத்திடமிருந்து. அதாவது நான்கில் மூன்று பங்குக்கும் மேல். அதிமுகவுக்கு ரூ.6.05 கோடி, அதில் பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் நிறுவனத்திடமிருந்து. யார் கொடுத்தார்கள் என்று தாங்களாகவே சொன்ன சில கட்சிகளில் இந்த இரண்டும் உண்டு. பெரிய தேசியக் கட்சிகள் சொல்லவில்லை. பத்திரமே வேண்டாம் என்று சிபிஎம், சிபிஐ ஆரம்பத்திலேயே ஒதுங்கிக்கொண்டன.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அந்தத் தடை பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள மாநிலத்தை ஆண்ட கட்சிக்கு, ஒரு லாட்டரி நிறுவனம் இவ்வளவு கொடுத்திருக்கிறது. தடை இன்றும் நீடிக்கிறது, அதனால் பதிலுக்கு ஏதோ கிடைத்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் வாக்களித்த நமக்கு அது அப்போதே தெரிந்திருக்க வேண்டுமா, வேண்டாமா? அதே நிறுவனம் லாட்டரி விற்பனை நடக்கும் மேற்கு வங்கத்தை ஆண்ட திரிணமூலுக்கு ரூ.542 கோடி கொடுத்தது. அந்தக் கேள்வி அங்கேயும் பொருந்தும்.

இன்னொரு சம்பவம். 2022 நவம்பர் 10-ம் தேதி, டெல்லி மதுபானக் கொள்கை வழக்கில் ஹைதராபாத் மருந்து நிறுவனம் ஒன்றின் இயக்குநரை அமலாக்கத்துறை கைது செய்தது. ஐந்தே நாளில் அந்த நிறுவனம் ரூ.5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. அதைப் பணமாக்கியது பாஜக. இதற்கும் கைதுக்கும் தொடர்பு உண்டு என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட கைமாறுகளை விசாரிக்க சிறப்புப் புலனாய்வுக் குழு வேண்டும் என்ற மனுக்களை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே சந்தேகம் சந்தேகமாகவே நிற்கிறது. ரகசியம் இருக்கும் இடத்தில் நேர்மையாகக் கொடுத்தவர் மீதும் இதே சந்தேகம் விழும் என்பதுதான் இதிலுள்ள இன்னொரு கொடுமை.

"வெளியே சொன்னால் பழிவாங்குவார்களே?"

கம்பெனிகள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. எதிர்க்கட்சிக்குக் கொடுத்தது தெரிந்தால் ஆளுங்கட்சி ரெய்டு அனுப்பும். அதனால்தான் ரகசியம் தேவை. ஜேட்லி சொன்ன காரணமும் இதுதான்.

இந்தப் பயம் பொய் இல்லை. நம் நாட்டில் தொழில் செய்பவர் யாரைக் கேட்டாலும் தலையாட்டுவார். ஆனால் தேர்தல் பத்திரம் அந்தப் பயத்தைத் தீர்த்ததா? பத்திரம் விற்ற ஒரே வங்கி எஸ்பிஐ, அது அரசு வங்கி. கொடுத்தவர் கட்சியிடம் நேரில் போய் "நான்தான் கொடுத்தேன்" என்று சொல்லத் தடையில்லை. ஆக, தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிய வழி இருந்தது. தெரியாமல் இருந்தது வாக்காளருக்கும் பங்குதாரருக்கும் மட்டும்தான்.

பழிவாங்கலுக்கு மருந்து, பழிவாங்கும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவது. பில்லை மறைப்பது இல்லை. எல்லாம் வெளியில் இருந்தால், எதிர்க்கட்சிக்குக் கொடுத்த மறுவாரம் ரெய்டு வந்தால் அதுவும் ஊருக்கே தெரியும்.

இப்போ எல்லாம் சரியாகிவிட்டதா?

பாதிதான். தீர்ப்பால் 7.5 சதவீத வரம்பும், கட்சிப் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற விதியும் திரும்ப வந்தன. நல்லது. ஆனால் பணம் இப்போது தேர்தல் அறக்கட்டளைகள் பக்கம் திரும்பியிருக்கிறது.

2013-ல் வந்த திட்டம் இது. பல கம்பெனிகள் ஓர் அறக்கட்டளைக்குப் பணம் தரும். அறக்கட்டளை அந்த ஆண்டு வந்த பணத்தில் 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். இரண்டு பக்கக் கணக்கும் தேர்தல் ஆணையத்துக்குப் போகும். பத்திரத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பத்து கம்பெனி பணம் ஒரே அண்டாவில் விழுந்து, மூன்று கட்சிகளின் தட்டுக்குப் போனால், எந்தக் கம்பெனியின் பணம் எந்தத் தட்டில் என்று எப்படிச் சொல்வது? கம்பெனியின் ஆண்டறிக்கையில் அறக்கட்டளையின் பெயர் மட்டும் இருக்கும். கதை அங்கே முடிந்துவிடும்.

நன்கொடை கண்ணுக்குத் தெரியும்; லாபியிங்?

இதுவரை பேசியது பணம் கொடுப்பது பற்றி. கொள்கையை மாற்ற அமைச்சகங்களில், எம்பிக்களிடம், தொழில் அமைப்புகள் மூலமாகக் காய் நகர்த்துவதுதான் லாபியிங். ஒரு தொழில்துறை தன் கஷ்டத்தை அரசிடம் சொல்வதில் தப்பில்லை. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் நூல் விலைக்காக டெல்லி போவதும், சிவகாசிக்காரர்கள் பட்டாசு விதிகளுக்காகப் போவதும் ஒருவகையில் இதுதான். அவர்கள் பேட்டி கொடுத்துவிட்டுப் போகிறார்கள், நமக்குத் தெரிகிறது. தெரியாமல் நடப்பதுதான் பிரச்னை.

இந்தியாவில் லாபியிங்கை ஒழுங்குபடுத்த தனிச் சட்டமே இல்லை. இதன் விசித்திரம் 2012-ல் தெரிந்தது. சில்லறை வர்த்தகத்தில் அந்நிய முதலீட்டை அனுமதிப்பது பற்றி நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். வால்மார்ட் 2008 முதல் சுமார் 2.5 கோடி டாலர் லாபியிங்குக்குச் செலவிட்டதும், அதில் இந்தியச் சந்தைக்குள் நுழைவதும் ஒரு விஷயமாக இருந்ததும் செய்தியானது. நாடாளுமன்றம் அமளியானது. அந்தச் செலவு அமெரிக்காவில் சட்டப்படி செய்தது, இந்தியாவில் யாருக்கும் பணம் தரவில்லை என்றது நிறுவனம். ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது? இந்தியாவின் எந்த அலுவலகத்திலிருந்தும் இல்லை. அமெரிக்க செனட்டில் வால்மார்ட் தாக்கல் செய்த அறிக்கையிலிருந்து. அங்கே 1995 லாபியிங் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுத்தாக வேண்டும். நம் சந்தை பற்றிய லாபியிங்கை நாம் அடுத்த நாட்டு நாடாளுமன்றத்தின் கோப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

அமெரிக்கா ரொம்ப சுத்தமா?

அப்படியும் இல்லை. ஓஹியோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின் நிறுவனம். அங்கே லாப நோக்கமற்ற சில அமைப்புகள் தங்களுக்கு யார் பணம் தந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஓட்டை வழியாக சுமார் 6 கோடி டாலர், மாநில சபாநாயகர் லாரி ஹவுஸ்ஹோல்டர் கட்டுப்பாட்டில் இருந்த அமைப்புக்குப் போனது. 2019-ல் நஷ்டத்தில் ஓடிய அணுமின் நிலையங்களுக்கு 100 கோடி டாலருக்கும் மேல் உதவி தரும் சட்டம் நிறைவேறியது. அந்தப் பணம் மக்களின் கரண்ட் பில்லில் இருந்து வருவதாக ஏற்பாடு.

2020 ஜூலையில் ஹவுஸ்ஹோல்டர் கைது. இரண்டே நாளில் நிறுவனப் பங்கு விலை சுமார் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. தலைமைச் செயல் அதிகாரி நீக்கப்பட்டார். நிறுவனம் 23 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. 2023-ல் ஹவுஸ்ஹோல்டருக்கு 20 ஆண்டு சிறை.

இதில் நமக்குத் தேவையான பகுதி கடைசியில் வருகிறது. பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 18 கோடி டாலர் சமரசம் ஆனது. அதன் பகுதியாக ஆறு இயக்குநர்கள் மீண்டும் போட்டியிடாமல் விலக ஒப்புக்கொண்டார்கள். அரசியல் செலவையும் லாபியிங்கையும் இனி இயக்குநர் குழுவே நேரடியாகக் கண்காணிக்க வேண்டும் என்றும் முடிவானது. அரசியல் பணம் என்பது ஒழுக்கம் சார்ந்த விஷயம் மட்டுமல்ல. முதலீட்டாளருக்கு அது ஒரு ரிஸ்க். மறைத்து வைத்த ரிஸ்க் வெடிக்கும்போது போவது பங்குதாரர் பணம்.

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் அங்கே வெளியிலிருந்து அழுத்தம் கொடுக்கிறார்கள். சிபிஏ-ஜிக்லின் குறியீடு 2011 முதல் பெரிய கம்பெனிகளுக்கு நூற்றுக்கு மார்க் போடுகிறது. யாருக்குக் கொடுத்தீர்கள், தொழில் அமைப்புகள் வழியாக எவ்வளவு போனது, யார் ஒப்புதல் தருகிறார், இயக்குநர் குழு பார்க்கிறதா என்பவைதான் கேள்விகள். கம்பெனிகள் மார்க்குக்காகவாவது வெளியே சொல்லத் தொடங்கியுள்ளன.

பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே. 2006 கம்பெனிகள் சட்டப்படி, ஓராண்டில் 5,000 பவுண்டுக்கு மேல் அரசியல் நன்கொடை என்றால் பங்குதாரர்கள் முன்கூட்டியே வாக்களித்து அனுமதிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் கொடுத்தால் அந்தப் பணத்தை இயக்குநர்களே தங்கள் பையிலிருந்து திருப்பித் தர வேண்டிவரும். நம் ஊரில் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் அந்த மார்ச் 14 பட்டியல் எவ்வளவு நீளம் இருந்திருக்கும்?

நீங்களே செக் பண்ணலாம்

உங்களிடம் இருக்கும் பங்கு அல்லது நீங்கள் வேலை பார்க்கும் லிஸ்டட் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறங்கள்.

1. நிதி அறிக்கையின் குறிப்புகளில் 'அரசியல் கட்சிகளுக்கான நன்கொடை' என்று தேடுங்கள். தொகையும் பெயரும் இருக்க வேண்டும். அறக்கட்டளை பெயர் மட்டும் இருந்தால், தேர்தல் ஆணைய இணையதளத்தில் அந்த அறக்கட்டளையின் அறிக்கையைப் பாருங்கள்.

2. கட்சிகள் பக்கமிருந்தும் பார்க்கலாம். ரூ.20,000-க்கு மேல் கொடுத்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் ஆண்டுதோறும் ஆணையத்திடம் தர வேண்டும்.

3. முதல் 1,000 லிஸ்டட் கம்பெனிகளுக்கு செபி கட்டாயமாக்கிய பிஆர்எஸ்ஆர் அறிக்கையில் 7-வது கோட்பாட்டுக்குப் போங்கள். கொள்கை முடிவுகளில் செல்வாக்கு செலுத்துவதைப் பொறுப்போடும் வெளிப்படையாகவும் செய்ய வேண்டும் என்பதுதான் அது. எந்தெந்தத் தொழில் அமைப்புகளில் உறுப்பினர் என்பதைச் சொல்வது கட்டாயம். எந்தக் கொள்கைக்காகக் குரல் கொடுத்தோம் என்பதைச் சொல்வது விருப்பம் சார்ந்தது. உண்மையில் நமக்குத் தேவைப்படுவது அந்த இரண்டாவது தகவல்தான். அதை 'விருப்பம்' பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, பங்குதாரர் வாக்கு. அரசியல் நன்கொடைக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒப்புதல் வாங்குவதைக் கட்டாயமாக்க வேண்டும். "சின்ன முதலீட்டாளர் எங்கே வந்து ஓட்டுப் போடப்போறார்?" என்று கேட்கலாம். மியூச்சுவல் ஃபண்டுகள் தாங்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளின் எல்லாத் தீர்மானங்களிலும் வாக்களிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்தே செபி விதி இருக்கிறது. எப்படி வாக்களித்தோம் என்றும் அவை சொல்ல வேண்டும். தீர்மானம் மட்டும் வந்துவிட்டால், உங்கள் எஸ்ஐபி பணத்தின் சார்பில் யார் என்ன சொன்னார் என்பது பதிவாகிவிடும்.

இரண்டு, வேகம். ஆண்டறிக்கை வருவதற்குள் தேர்தல் முடிந்து ஆட்சியே அமைந்துவிடுகிறது. காலாண்டு முடிவுகளோடு நன்கொடையையும் சொல்லச் சொல்லலாம். தேர்தல் அறிவித்துவிட்டால் சில நாட்களுக்குள்.

மூன்று, அறக்கட்டளை அண்டாவுக்கு ஒரு கண்ணாடி. எந்தக் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்கு என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

நான்கு, லாபியிங் பதிவேடு. பிஆர்எஸ்ஆர் அறிக்கையில் விருப்பமாக இருப்பதைக் கட்டாயமாக்குவது முதல் படி. அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை, செபி நினைத்தால் போதும்.

இது எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. பட்டியலில் முதல் மூன்று இடம் பிடித்தவை பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனங்கள். அங்கே பங்குதாரர் வாக்கு என்பது குடும்பத்துக்குள் கை தூக்குவது போலத்தான். க்விக் சப்ளை செயின் போன்ற, சம்பாதித்த லாபத்தைவிடப் பல மடங்கு கொடுத்த நிறுவனத்தைத் தடுக்க 7.5 சதவீத வரம்பும், அதைக் கண்டிப்பாகச் சரிபார்க்கும் அதிகாரிகளும்தான் வேண்டும். அந்த வரம்பை இன்னொரு நிதி மசோதா ஓசையில்லாமல் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

2017-ல் அது நடந்தபோது நாம் பெரிதாகக் கவனிக்கவில்லை. கம்பெனிகள் சட்டம், பிரிவு, உட்பிரிவு என்று போரடித்தது. அந்தப் போரடிக்கும் உட்பிரிவு வழியாகத்தான் ஆயிரக்கணக்கான கோடிகள் பெயரில்லாமல் போயின.

அடுத்த முறை ஆண்டுப் பொதுக்கூட்ட நோட்டீஸ் மெயில் வந்தால், படிக்காமல் டெலீட் செய்யாதீர்கள். கேள்வி கேட்க முன்பதிவு செய்துகொள்ளும் வழி அதிலேயே இருக்கும். "இந்த ஆண்டு எந்தக் கட்சிக்கு, எவ்வளவு, யார் முடிவெடுத்தார்கள்?" என்று ஒரே ஒரு வரி கேளுங்கள். பத்துப் பங்கு வைத்திருந்தாலும் அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.